பதினோராம் பொருத்தம்

மயிலாப்பூரில் கல்யாணம் பேசுகிறவர்கள் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். பதினோராவதாக ஒன்று சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி: பெண்ணும் பிள்ளையும் சேர்ந்து ஒரு காரின் ஹைட்ராலிக் கிளட்ச்சில் ஏர் எடுத்துக் காட்டட்டும். மூடிய குழாயில் திரவத்தை எங்கே அழுத்தினாலும் அழுத்தம் குறையாமல் மறுமுனைக்குப் போகும் என்று பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் ஒரு குமிழி இருந்தால் நம் காலின் உழைப்பையெல்லாம் அதுவே வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். பெடல் தரைவரை போகும், கிளட்ச் பிரியாது, முதல் கியர் கரகரக்கும். எனவே ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கிளட்ச் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைச் சற்றே திறந்து, குமிழியோடு ஆயிலை வெளியேற்றி, இறுக்கி மூடியபின் “விடு” என்பார். அதற்குப் பிறகுதான் காலை எடுக்கலாம். ஒரு நொடி முந்தினாலும் போன காற்று போன வழியே திரும்பி வரும். “நான் சொன்னேனே”, “எனக்குக் கேட்கவில்லை” என்ற வாதமெல்லாம் அங்கே செல்லாது. ரிசர்வாயரில் ஆயில் இறங்காமல் பார்த்து ஊற்றச் சம்பந்திகளில் ஒருவரை நிறுத்தலாம். கிளட்ச்சுக்கும் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், அது பெயிண்டை அரிக்கும். யார் சிந்தினார் என்பதற்கு வண்டியே சாட்சி.

நாலு தடவை பம்ப் அடித்தால் பெடல் ஏறிவிடுமே என்பார்கள். ஏறும், ஆளில்லாத சாலையில் அது போதும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உஸ்மான் ரோட்டில் வண்டி அடியடியாக நகர்கிறது, அடிக்கொரு கிளட்ச். நீங்கள் நாலாவது பம்ப் அடிப்பதற்குள் பனகல் பார்க் சிக்னல் சிவந்து, பின்னால் நிற்கும் பஸ்காரர் உங்கள் வம்சத்தை விசாரித்திருப்பார். கேபிள் கிளட்ச் போட்ட மாருதி 800இல் இந்தத் தொல்லை இல்லையே என்றால், உண்மைதான். கேபிள் அறுந்தால் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக் வாங்கச் சொல்வது, பொருத்தத்துக்குப் பயந்து பிரம்மச்சரியம் பூணச் சொல்வது. வலுவான ஆட்சேபம் ஒன்றுதான்: வாக்குவம் பம்ப் வைத்து ஒரே ஆள் ஏர் எடுக்கலாம், பல வண்டிகளில் நிப்பிளைத் திறந்துவைத்து ஆயிலைத் தானாக வடியவிட்டாலே போதும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் கிளட்ச் தேறும், ஜோடி தேறியதா என்று தெரியாது.

கடலோர ஈரக்காற்றில் இருக்கும் அடையாறுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மீந்த பிரேக் ஆயில் டப்பாவை அடுத்த வருஷத்துக்கென்று அலமாரியில் வைக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காத டாட் 3 ஆயில், ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். சிலிண்டருக்குள் துருவும் பிடிக்கும். ஏர் எடுத்த ஒரே வாரத்தில் பெடல் மறுபடி இறங்கினால் ஜோடியைக் குறை சொல்லக்கூடாது. பெரும்பாலும் பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ சீல் போயிருக்கும். ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் புதிது வாங்கி மாட்டிவிட்டு, அப்புறம் முகூர்த்தம் குறியுங்கள்.