மிஞ்சிய நட்டைப் பற்றிய விசாரணை

உலகத்துப் பதார்த்தங்களையெல்லாம் திரவியம், குணம், கர்மம் என்று எண்ணி வகுத்து வைத்த நமது தர்க்க சாஸ்திரிகள், ஒரு வாகனத்தைப் பிரித்து மறுபடியும் பூட்டி முடித்த பிறகு, விரித்த கோணிச் சாக்கின்மேல் ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும் அந்த ஒற்றை நட்டை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று சொல்லாமலே போய்விட்டார்கள். அவர்கள் காலத்தில் ஜீப்பு இல்லை என்பது அவர்களுக்குச் சமாதானம் ஆகலாமே தவிர, பின்வந்த நாம் மௌனம் சாதிப்பதற்கு நியாயம் ஆகாது. வண்டி ஓடுகிறது, நட்டும் கிடக்கிறது, இரண்டும் பிரத்தியட்சம். அந்த நட்டு வேண்டியதில்லையென்றால் முன்பு ஏன் இருந்தது? வேண்டியதுதான் என்றால் இப்போது வண்டி எப்படி ஓடுகிறது? இம்முரண்பாட்டை ஆராய்ந்து ஒரு முடிவு காண்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

இவ்வாராய்ச்சிக்கு உத்தமமான க்ஷேத்திரம் சேலம், நாமக்கல் சமவெளியே. 1997-ஆம் ஆண்டில் சேலத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல், முட்டைக்கு எவ்வளவு பேர் போனதோ அவ்வளவு லாரிக்கும் பேர் போனது. வெறும் சேஸிஸாக வந்து சேரும் வண்டிக்குப் பாடி கட்டி, வர்ணம் தீட்டி, பெயரெழுதி அனுப்பும் பட்டறைகள் அங்கே. சமையல் வாயு சுமக்கும் டாங்கர்கள் அங்கே. ஆழ்துளைக் கிணறு போடுவதற்காகப் பாஷை தெரியாத மாநிலங்களுக்கெல்லாம் போய்வரும் ரிக் வண்டிகள் பக்கத்துத் திருச்செங்கோட்டிலே. சங்ககிரியிலோ லாரிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இப்படித் தெருவுக்கொரு கைதேர்ந்த மெக்கானிக் வாழும் நாட்டில், ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம்முடைய பழைய ஜீப்பின் அடியில் தாமே மல்லாந்து படுப்பது, கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் கல் கூட்டித் தனியே உலை வைப்பதற்கு ஒப்பானது. பசி அதற்குக் காரணம் அன்று. இந்த உண்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; சித்தாந்தம் இதன்மேல்தான் எழும்பப் போகிறது.

இனிச் சரித்திரம். பாதையில்லாத இடத்தில் வாகனம் ஏறும் பிரியம் இவ்வட்டாரத்தில் நேற்று முளைத்ததன்று. கொல்லிமலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை ஐந்து பிராணிகளை வீழ்த்தினான் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பதில் பொதிந்துள்ள தத்துவத்தைத்தான் பண்டிதர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. ஏறுகிறவருக்கும் ஏறப்படுவதற்கும் பெயர் ஒன்றாகிவிடுவது இந்தப் பித்தின் முதல் லக்ஷணம். இன்றைக்கும் மேஜர் என்னும் வகை ஜீப்பு வைத்திருப்பவரை ‘மேஜர் ஜீப்புக்காரர்’ என்றால்தான் ஊரார் வீட்டைக் காட்டுவார்கள். பெற்றோர் இட்ட பெயர் ரேஷன் கார்டோடு சரி.

குதிரைக்குப் பின் ஜீப்பு. 1941-இல் யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப்பை, 1947-இல் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். சேலத்துக் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பி கொண்டுவந்து வைத்த ஏற்காட்டு மலைத் தோட்டங்களில் உழைத்துச் சலித்த ஜீப்புகள், பிற்காலத்தில் சமவெளிக்கு இறங்கி, மேற்படி கைலி மடித்தவர்களின் வசம் வந்து சேர்ந்தன.

அவர்களுடைய விநோதம் என்னவென்றால், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளும், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவுகளும் சர்க்கார் பணம் போட்டு அமைத்திருக்க, அவற்றை அற்பமென ஒதுக்கி, கல்லும் சரிவுமான காட்டுத் தடத்தைத் தேடிப் போவதுதான். ராசிபுரத்தை அடுத்த போதமலையில், கீழூர், மேலூர், கெடமலைக் குடியானவர்கள் நெடுங்காலம் ஒரு சாலைக்காக மனுக் கொடுத்து நின்றதும், தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் அம்மலைக்குத் தலைச்சுமையாகவே ஏறியதும் நாடறிந்த செய்தி. சாலையின்மையை ஒருவர் தலைவிதியாகச் சுமக்க, மற்றொருவர் அதையே விடுமுறைச் சுகமாக நாடுவது எப்படி என்பது நம்முடைய நட்டைக் காட்டிலும் பெரிய விசாரணை. ஆகையால் சுட்டிக் காட்டி மேலே செல்கிறோம்.

மிஞ்சிய நட்டின் உற்பத்தியைப் பற்றி மூன்று கட்சிகள் உண்டு. தொழிற்சாலையிலேயே ஒன்று உபரியாகப் போட்டுவிட்டார்கள் என்பது முதற்கட்சி. காலணா மிச்சம் பிடிப்பதற்கென்றே இஞ்ஜினீயர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் முதலாளி, ஒரு நட்டைத் தானம் பண்ணினார் என்பது ஓரியின் வள்ளன்மையை அவருக்கு ஏற்றிச் சொல்வதாகும், எனவே தள்ளத்தக்கது. முந்திய சொந்தக்காரர் விட்டுவைத்தது என்பது இரண்டாங்கட்சி. அப்படியானால் அவருக்கு முந்தியவர், அவருக்கும் முந்தியவர் என்று போய், டொலீடோ நகரத்து வில்லிஸ் தொழிற்சாலையின் வாசலில்தான் நிற்க வேண்டும். இது அநவஸ்தா தோஷம். மூன்றாவது, இல்லத்தரசியார் கட்சி. திண்ணையில் காப்பியை வைத்துவிட்டு, “ஏனுங்க, மரை கழண்டது வண்டிக்குத்தானுங்களா?” என்று ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும் இந்தக் கட்சிக்கு இதுகாறும் எவரும் கண்டனம் எழுதத் துணியவில்லை.

பிரமாணங்களையும் பார்ப்போம். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதோடு பழைய தார்க்கிகர் நின்றார். டீசல் வண்டிப் பட்டறைக்காரரோ புகையின் நிறத்தையும் பார்ப்பார். கரும்புகையானால் காற்றுக்கு மேல் டீசல் எரிகிறது, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா பார். நீலமானால் இஞ்ஜின் ஆயிலே எரிகிறது, பிஸ்டன் ரிங்கு தேய்ந்தது. சப்தப் பிரமாணமாகிய பெரியோர் வாக்கை மதியாதவர் கதியும் உண்டு. பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடது மரை கொண்டவை. ஓட்டத்தில் தாமாகக் கழலாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இதைச் சொல்லியும் கேளாத ஜீப்பு அபிமானி, கழற்றுவதாக எண்ணி இறுக்குகிறார். அசையவில்லையென்று ஸ்பானரில் குழாயைச் செருகி நீட்டுகிறார். கடைசியில் குழாயின்மேல் ஏறி நிற்கிறார். ‘டக்’கென்ற ஓசையோடு ஸ்டட்டு முறிந்தபின் உண்டாவது ஞானம்.

இனிச் சித்தாந்தம். கரடுமுரடான தடத்தில் குலுங்கக் குலுங்க, ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டு தளர்கிறது. பலமுறை இறுக்கித் தட்டையாகிப்போன ஸ்பிரிங் வாஷர் தன் விறைப்பை இழக்கிறது. நட்டு மலையில் உதிர்கிறது. வீட்டில் மிஞ்சியவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்கின்றன. உதிர்ந்த இடத்துக்கு அதிலிருந்தே எடுத்துப் போடப்படுகிறது. ஆகவே வீட்டில் மிஞ்சுவதும் காட்டில் உதிர்வதும் நீண்ட கால அளவில் சமம் என்பது நமது முதல் சூத்திரம்.

ஆயினும் மிஞ்சுவதற்கு மூலகாரணம் வேறு. பட்டறையில் கழற்றுகிறவரின் கையைப் பாருங்கள்: பாகத்தை எடுத்த மறுகணமே நட்டை அதன் சொந்தப் போல்ட்டிலேயே விரலால் இரண்டு சுற்றுத் திருகி வைத்துவிடுவார். “போட்ட எடத்துலயே திருகி வையி கண்ணு” என்பதுதான் புதிதாக வந்த பையனுக்கு அவர் செய்யும் முதல் உபதேசம். அபிமானியோ எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ரசிக்கிறார். பட்டறைக்காரருக்கு மாலைக்குள் லோடு கிளம்ப வேண்டும்; இவருக்கு எதுவும் எங்கும் கிளம்ப வேண்டியதில்லை. வண்டி ஓடுவதற்காகப் பிரிப்பவரிடம் நட்டு மிஞ்சாது. பிரிப்பதற்காகவே வண்டி வைத்திருப்பவரிடம் மிஞ்சாமல் இராது. அவசியமின்றிச் செய்த காரியத்துக்கு அந்த நட்டே சாட்சி.

முடிவாகப் பிராயச்சித்த விதி. மிஞ்சியது வெறும் வாஷரானால் ஆத்தூர் வரை தார்ச்சாலையில் போய்வரலாம். நட்டானால் பயணத்தை ஒரு நாள் ஒத்திப்போட்டு, யூ போல்ட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் ராடின் நட்டுக்குக் காவலாகச் செருகும் ஸ்பிளிட் பின்னானால், வண்டியைத் தெருவுக்கே தள்ளக் கூடாது. மிஞ்சியது இன்னதென்றே விளங்காத பொருளானால், வண்டியோடு அதைப் பிரித்தவரையும் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு வருவதே சாஸ்திர சம்மதம். இருவரில் யாரை முதலில் சரிபார்ப்பது என்பதைப் பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார்.