ஸ்கீமில் சீமை கண்டவர்

முற்காலத்தில் சீமைக்குப் போய் வந்தவர் என்றால் அவர் பாரிஸ்டராகவோ ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தராகவோ இருப்பார், கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்காகும், திரும்பியபின் அவருக்குப் பிராயச்சித்தம் வேண்டுமா என்று பந்துக்கள் கூடி விவாதிக்க அதைவிட அதிக காலம் ஆகும். இக்காலத்திலோ, திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரையிலுள்ள கடைவீதிகளில் கம்பியும் சிமெண்டும் பெயிண்டும் விற்று, கம்பெனி விதித்த டார்கெட்டை மார்ச் 31-க்குள் எட்டிப்பிடித்து, அந்தப் புண்ணியத்தின் பலனாகக் கம்பெனிச் செலவிலேயே பாரிஸையும் ரோமையும் தரிசித்து வரும் ஒரு புதிய வர்க்கத்தார் தோன்றியிருக்கிறார்கள். இதற்கு வியாபார வட்டாரத்தில் 'டீலர் ஸ்கீம்' என்று பெயர். அதிகம் விற்றவருக்கு ஐரோப்பா, சுமாராக விற்றவருக்குப் பாங்காக், ஒன்றும் விற்காதவருக்குச் சுவர்க் கடிகாரம்.

ஐரோப்பா கண்டவரை அடையாளம் காண்பது சுலபம். அவருடைய கல்லா மேஜைக் கண்ணாடிக்கு அடியில், வீரராகவப் பெருமாள் படத்துக்கும் டெலிவரி சலான்களுக்கும் நடுவே, ஈஃபில் கோபுரத்தின் முன் அவரும் சகதர்மிணியும் நிற்கும் போட்டோ ஒன்று பிரதிஷ்டையாகியிருக்கும். போட்டோ எடுத்தவர் இன்னொரு டீலர். ஆகையால் தம்பதிகளின் புது வெள்ளை ஷூக்கள் உள்பட யாவும் குறைவறப் பதிந்திருக்க, கோபுரம் மட்டும் இடுப்போடு நின்றுவிட்டது. அதனால் என்ன? கோபுரத்தின் உயரத்தை அவர் வாய்மொழியாகவே பூர்த்தி செய்துவிடுவார்.

மற்ற யாத்திரிகர்கள் ஓர் ஊரின் அழகைக் கண்டு பிரமிப்பார்கள் என்றால், இவர் அதன் மெட்டீரியலைக் கண்டு பிரமிப்பவர். 1889-ல் கட்டி முடித்த அந்தக் கோபுரத்தில் 7,300 டன் இரும்பு இருக்கிறது, 25 லட்சம் ரிவிட் அடித்திருக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, கூட வந்தவர்கள் செல்ஃபிக்கு முகத்தைத் திருத்திக்கொண்டிருக்க, நம் கனவான் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி அன்றைய மார்க்கெட் ரேட்டால் பெருக்கிக்கொண்டிருந்தாராம். சுமார் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்கோபுரத்துக்கும் பெயிண்ட் அடிக்க 60 டன் செலவாகிறது என்று கேட்டதும், "அந்த ஏரியா டீலர் யாரு?" என்று அவர் விசாரித்தது வேடிக்கைக்காக அல்ல. 1925-ல் விக்டர் லுஸ்டிக் என்னும் எத்தன் அந்தக் கோபுரத்தையே உடைத்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் விற்று ஏமாற்றிய விருத்தாந்தத்தை நான் அவருக்குச் சொன்னபோது, சிப்காட் உருக்காலைகளுக்கு லாரி லாரியாகப் பழைய இரும்பு போவதை நித்தியம் பார்க்கும் அந்த மனிதர், ஏமாந்தவன்பால் மிகுந்த அனுதாபத்துடன், "அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தான் பாவம்?" என்றார்.

லூவர் மியூசியத்தில் அவருக்கு ஏற்பட்டது ஏமாற்றமே. இரண்டரை அடி உயரம், ஒன்றே முக்கால் அடி அகலம், அதற்குக் கண்ணாடி மூடி, எதிரே நூற்றுக்கணக்கில் ஜனங்கள் என்றிருந்த மோனாலிசாவை அவர் மதிக்கவில்லை. அதற்கு நேர் எதிர்ச்சுவரில், 22 அடி உயரமும் 32 அடி அகலமுமாக வெரோனீஸ் தீட்டிய கல்யாண விருந்துச் சித்திரம் இருக்கிறதே, அதைத்தான் வேலை என்று ஒப்புக்கொண்டார். ஹாலந்தின் கூகன்ஹோஃப் பூந்தோட்டமோ பாக்கியமில்லாமல் போயிற்று. சுமார் 80 ஏக்கரில் 70 லட்சம் கிழங்குகள் நட்டு வளர்க்கும் அத்தோட்டம் மார்ச் நடுவில் திறந்து மே நடுவில் சாத்திவிடும். கம்பெனியோ கணக்கு முடித்து, விசா வாங்கி, ஜூனில்தான் அழைத்துப் போயிற்று. ஆகவே ஆம்ஸ்டர்டாம் கடையொன்றில் மரத்தால் செய்த ட்யூலிப்புகளை வாங்கிவந்து வீட்டு ஷோகேசில் நட்டிருக்கிறார்.

அந்த டச்சுக்காரர்கள் பொன்னேரிக்கு அப்பால் பழவேற்காட்டில் 1613-லேயே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, துணி வியாபாரம் செய்து, எலும்புக்கூடு செதுக்கிய கல்வாயிலுடன் ஒரு கல்லறைத் தோட்டத்தையும் விட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஒருநாள் பிரஸ்தாபித்தேன். "பழவேற்காடா? எறா வாங்கப் போவோமே!" என்றவர், "டிக்கெட் உண்டா?" என்று கேட்டார். இல்லையென்றதும் அவருடைய ஆர்வம் அடங்கிவிட்டது. கழிவறைக்குக்கூட யூரோவாகக் கொடுத்துப் பழகியவருக்கு இலவசமானவற்றில் நம்பிக்கை உண்டாவது கடினந்தான்.

இவை யாவும் பொழுதுபோக்குப் பேச்சு. தொழிலுக்கு உதவுவது பீசா கோபுரம். மேஸ்திரி யாராவது அஸ்திவாரக் கம்பியில் சிக்கனம் பேசினால் உடனே போனில் அந்தப் படம் வந்துவிடும். "1173-ல ஆரம்பிச்சான் மேஸ்திரி. இளக்கமான மண்ணு, அஸ்திவாரம் மூணே மீட்டர். பாதியிலேயே சாய்ஞ்சிருச்சு. உங்க பார்ட்டி வீடு இப்படி நிக்கணுமா?" என்பார். மேஸ்திரி கூடுதலாக நாலு கட்டு எழுதச் சொல்வார்.

ரோமாபுரியின் பாந்தியன் கோயிலைப் பற்றி மட்டும் கடையில் அவர் வாய் திறப்பதேயில்லை. அதைச் சொல்வதெல்லாம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில், அதுவும் எதிரே இருப்பவர் வீடு கட்டவில்லை என்று நிச்சயமான பிறகு. 142 அடி அகலமுள்ள கான்கிரீட் குவிமாடம், சுமார் 1,900 வருஷமாக நிற்கிறது, "உள்ள ஒரு எட்டு எம்.எம். கம்பிகூடக் கெடையாது சார்" என்று, சொந்தக் குடும்பத்து அபவாதத்தைச் சொல்லும் குரலில் சொல்வார்.

ஆனால் ரகசியம் எத்தனை நாளைக்கு நிற்கும்? சென்ற மாதம் வீடு கட்டும் ஒருவர் தம் குமாரனுடன் கடைக்கு வந்தார். பையன் சிவில் படிப்பவன். மேஜைக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், ரோம் போனீங்களா? பாந்தியன் பாத்தீங்களா? கம்பியே இல்லாமக் கட்டினதாமே?" என்று கேட்டுவிட்டான். தகப்பனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் கனவான் ஒரு கணம்தான் தயங்கினார்.

"எரிமலைச் சாம்பல் கலந்து கட்டினது, தம்பி" என்றார். "திருவள்ளூர் ஜில்லாவுல எரிமலை இல்லியே. சாருக்குப் பன்னெண்டு எம்.எம். எத்தனை டன் போடட்டும்?"