ஆகாயக் காவலும் பால்கோவாவும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி மதுரை விமான நிலையத்தை அடைந்து, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் தம்முடைய பால்கோவா டப்பாவின் அந்தரங்கத்தை யந்திரத்தில் சாவதானமாக ஆராய்ந்து திருப்பித் தரும்வரை கைகட்டி நிற்கும் உள்நாட்டுப் பிரயாணி, அந்தப் பரீட்சைக்கான தட்சிணையாக 200 ரூபாயை 2021 ஏப்ரல் முதல் டிக்கெட்டோடு சேர்த்தே கட்டிவருகிறார் என்பதைப் பெரும்பாலும் அறியார். ஆகாயத்தின் க்ஷேமம் தேசத்துக்கு, கட்டணம் பறப்பவருக்கு! அதற்கு முன், கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாத காலம் பிரயாணி விமானங்கள் தரையோடு கிடந்தபோது, அன்றைய கட்டணம் வீட்டில் அடைந்துகிடக்க, காவல் மட்டும் வாயிலில் நின்றது.

அரசியல் சாசனத்தின் 267-ஆவது ஷரத்துப்படி அமைந்து, 2021-இல் 500 கோடியிலிருந்து 30,000 கோடியாகப் பருத்த எதிர்பாராச் செலவு நிதியில் இந்தக் காவலுக்காகக் கைவைத்தால் என்ன என்று கேட்கும் மகானுபாவர்களுண்டு. 1999 டிசம்பரில் காட்மாண்டுவில் கிளம்பிய விமானம் கடத்தப்பட்டு, டில்லிக்குப் பதில் கந்தஹாரில் போய் நின்ற பிறகும் காவலை எதிர்பாராத செலவு என்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். செலவுதான் கவலையென்றால், ராஜபாளையத்து நாய்க்கு 2005-இல் தபால்தலை போட்டுக் கௌரவித்த சர்க்கார், அதையே வாயிலில் நிறுத்தலாம். பால்கோவாவை முகர்ந்த பிறகு திருப்பித் தருமா என்பதுதான் சந்தேகம்.