சொதி சாப்பிட்ட பிறகு

இணையத்தில் நான் போட்ட முதல் சண்டை ஓர் ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்பதற்காக. அந்த ஊரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியிருந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட ஏழு பூனைகளில் நானும் ஒருவன். நான் திருநெல்வேலியில் தட்டச்சு செய்வேன். கனடாவில் குடியேறிய யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மெய்ப்புப் பார்ப்பார்.

வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டரில் மணிக்கு நாற்பது ரூபாய். சட்டைப்பையில் இரண்டு ஃப்ளாப்பி இருக்கும். ஒன்றில் கோப்பு, மற்றதில் டிஸ்கி எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் எங்கள் தமிழ் வெறும் கோழிக் கிறுக்கல். நான் நிறுவிவிட்டு வருவதும், கடைப் பையன் அதை வைரஸ் என்று நினைத்து அழிப்பதும் வாராவாரம் நடக்கும்.

முதல் நூல் முடிந்ததும் மெய்ப்புப் பார்த்தவர் கடைசி வரியில் தன் பெயரைப் போட்டு 'ரொறொன்ரோ' என்று எழுதியிருந்தார். எழுத்துப்பிழை என்று நினைத்து 'டொராண்டோ' என்று மாற்றினேன். மறுநாள் பதில் வந்தது: "நீங்கள் திருத்தியது பிழை. மீளவும் மாற்றியுள்ளேன்." அதை எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் பிரம்போடு சொல்வதாகத்தான் நான் வாசித்தேன். நான் மறுபடி மாற்ற, அவர் மறுபடி மாற்ற, எட்டு மாதம் ஓடியது. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறியது. 'நீங்கள்' என்று தொடங்கியவர்கள் 'தாங்கள்' ஆகி, 'மதிப்பிற்குரிய ஐயா அவர்கள்' வரை போய்விட்டோம். அதற்குமேல் தமிழில் திட்ட இடமில்லை.

2001-இல் திருச்சியில் ஏதோ உறவினர் கல்யாணத்துக்கு வந்தவர், திருநெல்வேலிக்கும் வருவதாக எழுதினார். முகம் தெரியாதே! ஒரு அட்டையில் வேண்டுமென்றே 'டொராண்டோ' என்று பெரிதாக எழுதி ஜங்ஷனில் பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டி கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் நேரே வந்து அட்டையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பிழை, தம்பி."

வீட்டில் அம்மா சொதி வைத்திருந்தாள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற பண்டம். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நல்லாயிருக்கு. ஆனால் சொதி இல்லை" என்றார். அவர்கள் சொதி இடியாப்பத்துக்கு விடுகிற தண்ணிப் பதமாம். "பருப்பு இல்லாம என்னய்யா சொதி?" என்று அம்மா கரண்டியோடு நின்றாள். அரைமணி நேரம் நடந்த அந்த விவாதத்தில் என்னை யாரும் சேர்க்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "என்ர மருமகனும் ரொறொன்ரோவிலதான்" என்றார். அப்போதுதான் காதில் விழுந்தது. எழுதும்போதுதான் அது 'ன்ர'. அவர் வாயில் நாக்கு பல் ஈறில் பட்டு, ஆங்கிலேயன் சொல்கிற மாதிரியே வந்தது. நாக்கை மடித்து, மண்டபம், வண்டி என்கிற கணக்கில் 'டொராண்டோ' என்று நான் சொன்னதுதான் அவருக்குக் கர்ணகடூரம். எட்டு மாதமாக எழுத்தைப் பார்த்தேனே தவிர, அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

எதுவும் முடிவாகவில்லை. அவர் ஏற்றினால் ரொறொன்ரோ, நான் ஏற்றினால் டொராண்டோ. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு 'பிழை'க்கும் பின்னால் ஒரு 'தம்பி' எனக்குக் கேட்டது. அவரும் என்னிடமிருந்து 'அண்ணாச்சி' என்பதைப் பழகிக்கொண்டார். பின்னால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றியபோது, எழுத்துக்கு முன்னால் நின்ற கொம்புகளையெல்லாம் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. நழுவிய கொம்புகளைத் தொலைபேசியிலேயே இரண்டு ராத்திரியில் பிடித்துவிட்டோம்.

இப்போது நிலைமை எங்கோ போய்விட்டது. படம் பிடித்த பக்கத்தைக் கணினியே நொடியில் வாசித்துத் தருகிறது. ஒரே கோப்பில் பதினான்கு பேர் ஒரே சமயத்தில் மேய்கிறோம். நட்பு வளர்ந்தால் வேலை வளரும் என்று எங்கோ படித்த ஒருங்கிணைப்பாளர் தம்பி, மாதத்தின் முதல் சனிக்கிழமை அரைமணி நேரம் நட்பு வளர்க்க ஒதுக்கியிருக்கிறார். காணொளியில் ஆளுக்கொரு பிடித்த உணவைச் சொல்ல வேண்டும். நான் சொதி என்றேன். பதினொரு கேமரா மூடியிருந்தது. ஒரு கட்டைவிரல் எழும்பி மறைந்தது.

போன மாதம் எங்களிடம் வந்தது யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய நாடகம் ஒன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைத் தும்பிக்கை ணை, னை எல்லாம் அதில் உண்டு. கணினி அங்கேதான் தடுமாறும். ஓரிடத்தில் 'அன்னை' என்று திருத்தினேன். உடனே ஒரு குறிப்பு: "தவறு. மூலத்தைப் பார்க்கவும்."

தலைமையாசிரியர் பிரம்போடு திரும்பி வந்துவிட்டார். மூன்று நாள் பதில் போடவில்லை. நாலாம் நாள் விடிகாலை நாலு மணிக்குப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று சுழி. அண்ணை. யாழ்ப்பாணத்து அண்ணை! எனக்கா இது தெரியாமல் போனது? தெரிந்தும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "தாங்கள் சுட்டியமைக்கு நன்றி" என்று எழுதினேன்.

காலையில் தனிச் செய்தி வந்தது. "தப்பா நினைக்காதீங்க. நீங்க ஆளா, இல்ல சாஃப்ட்வேரா?" என் முகப்புப் படத்தில் செம்பருத்தி, நாலு மணிக்குப் பதில், அதில் 'தாங்கள்' வேறு, யாருக்கும் சந்தேகம் வரும்தான். எண்ணைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டேன். ஓர் இளம்பெண் "ஹலோ" என்றாள். பின்னால் கண்டக்டர் கத்தினார்: "வண்ணார்பேட்டை எல்லாம் எறங்கு!"

சமாதானபுரத்தில் வீடாம். தினமும் என் தெருமுனையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாளாம். எட்டு மாதமாக ஒரே கோப்புகளில் இருக்கிறோம்.

"சொதி சாப்பிட வாரியாம்மா?"

"ஞாயித்துக்கெழம வாரேன் சார். லொகேஷன் அனுப்புங்க."

அனுப்பினேன். வரைபடம் என் வீட்டைத் தாமிரபரணிக்குள் இறக்கிவிட்டிருந்தது. "ஸ்டாப்பில் இறங்கினால் போதும், நான் நிற்கிறேன்" என்று எழுதிவிட்டு, பரண்மேல் ஒரு அட்டை கிடைக்குமா என்று தேடினேன். 'அன்னை' என்று பெரிதாக எழுத வேண்டும்.