வெளிக்கிட்டாச்சு

திமிங்கிலத்தைப் பற்றி முக்கியமான ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுவேன். அதற்கு முன், போன சனிக்கிழமை நடந்ததைக் கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

சாய்ந்தமருதில் பிறந்து, வாப்பாவோடு கரைவலை இழுத்து வளர்ந்தவன் நான். இப்போது சீசனுக்குத் திருகோணமலைக்குப் போய், உப்புவெளிக் கரையிலிருந்து திமிங்கிலம் காட்டும் போட் ஓட்டுகிறேன். விளம்பரத் தாளில் என் பெயருக்கு முன்னால் 'கப்டன்' என்று போட்டிருக்கிறார்கள். ஊரில் நான் இன்னும் 'போட் ஓட்டுற பொடியன்'தான். வயது நாற்பத்தாறு.

மாமி குடும்பம் வருவதாக இருந்தது. ஒன்பது பேர், ஒரு வான். ஊரிலிருந்து மட்டக்களப்பு, வாகரை, மூதூர் என்று சுற்றி வர நாலு மணித்தியாலம் வேண்டும். போட் ஆறு மணிக்கு. "ராவு ஒரு மணிக்கே எடுத்திருங்க மாமி" என்று மூன்று தரம் சொன்னேன். "நாங்க என்ன சின்னப் புள்ளையளா மகன்?" என்றார்.

மூன்று மணிக்குப் போன் எடுத்தேன். "வெளிக்கிட்டாச்சு!"

இந்தச் சொல்லை நம் தமிழுக்குத் தந்த மூத்தாப்பாமாரை மறுமையில் சந்தித்தால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உடுப்பு மாற்றுவதற்கும் வெளிக்கிடுவது என்கிறோம். வாசலைத் தாண்டிப் போவதற்கும் வெளிக்கிடுவது என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் எத்தனை மணித்தியாலம் வாழலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. மாமி பொய் சொல்லவில்லை. வெளிக்கிட்டுத்தான் இருந்தார். அபாயாவுக்கு ஊசி குத்தியாகிவிட்டது. வான்தான் வரவில்லை. வான்காரனுக்குப் போன் போட்டால் அவனும் "வெளிக்கிட்டாச்சு காக்கா" என்கிறான். அவன் சாரத்திலிருந்து கால்சட்டைக்கு வெளிக்கிட்டிருக்கிறான்.

"இந்தா வாறம்" என்றால் இன்னும் பல் விளக்கவில்லை. "வந்துட்டு இரிக்கம்" என்றால் சம்பலுக்குத் தேங்காய் துருவுகிறார்கள். "பள்ளியடில நிக்கிறம்" என்றால் ஒருவர் மட்டும் பள்ளியடியில் நிற்கிறார், மற்ற எட்டுப் பேரும் அவரைத் தேடுகிறார்கள். "கிட்டத்தான்" என்பதற்கு எதற்குக் கிட்ட என்று கேட்கக் கூடாது. "அஞ்சு நிமிசம்" என்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை, டாக்டர் கோபப்பட வேண்டாம் என்றிருக்கிறார்.

நாலரைக்கு மறுபடி எடுத்தேன். "ஓட்டமாவடிப் பாலம் தாண்டியாச்சு மகன்." நல்லது என்று வைக்கப் போனேன், பின்னால் சுபஹ் பாங்கு கேட்டது. ஓட்டமாவடியிலும் பள்ளி இருக்கிறது, பாங்கு சொல்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செருமிக்கொண்டு தொடங்கும் அந்தத் தொண்டையை நான் ஏழு வயதிலிருந்து கேட்கிறேன். அது எங்கள் தெரு மோதினார். மாமியிடம் சொல்லவில்லை. பாங்கு சொல்லும் நேரத்தில் சண்டை பிடிக்கக் கூடாது.

முன்பு ஒரு சாட்டு இருந்தது. கிண்ணியாவில் 'பாதை' என்கிற கடவைப் படகுக்குக் காத்து நின்றோம் என்பார்கள், நம்ப வேண்டியிருக்கும். 2009இல் 396 மீற்றருக்குப் பாலத்தைக் கட்டி அந்தச் சாட்டைப் பறித்துவிட்டார்கள். கட்டியபோது இலங்கையின் மிக நீளமான பாலம் அதுதான் என்றார்கள். எங்கள் ஆட்கள் அதன் நடுவில் இறங்கி நின்று படம் எடுத்து, போன தாமதத்தை மீட்டுக்கொண்டார்கள்.

(இந்தக் கட்டுரையைச் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டதாக ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். இன்று வெள்ளி. அது வேறு விஷயம்.)

ஆறே முக்காலுக்குப் பக்கத்துப் போட்காரன் கடலிலிருந்து கூப்பிட்டான்: இரண்டு நீலத் திமிங்கிலம், தாயும் குட்டியும் மாதிரி. திருகோணமலையில் இது ஒரு அதிசயம். துறைமுக வாயிலேயே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஓடுகிறது. ஆழம் தேடி அதிக தூரம் போகத் தேவையில்லை, காலம் வாய்த்தால் கோணேசர் மலையில் நின்றே மூச்சுப் பீச்சுவதைப் பார்க்கலாம். அந்த மிருகம் பத்துப் பதினைந்து நிமிடம் மூழ்கும், பிறகு மேலே வரும். "வாறன்" என்று சொல்வதில்லை. வரும். இருபது மீற்றருக்கு மேல் நீளமான உடம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது. மாமி குடும்பத்தில் அதிகபட்சம் தொண்ணூறு கிலோ.

ஒன்பதே முக்காலுக்கு வான் வந்தது. "ஏன் மகன் முகம் ஒரு மாதிரி?"

"கச்சான் எழும்பப் போகுது மாமி, கெதியா ஏறுங்க." டோஹாவில் பிறந்த மருமகன் குதித்தான்: "எங்க? எனக்கு ரெண்டு பக்கற்!" மேல்காற்றுக்கும் நிலக்கடலைக்கும் ஒரே பெயர் வைத்த அதே மூத்தாப்பாமார்தான்.

போகும்போது காற்று முதுகில், சுகம். கடலில் ஒன்றும் இல்லை. வெகு தூரத்தில் ஒரு பீச்சல் தெரிந்தது. "ரெண்டு மணிப் பக்கம் பாருங்க" என்றேன், மணிக்கூட்டு முள் கணக்கில். மாமா திடுக்கிட்டார். "ரெண்டு மணி வரைக்குமா? லுஹர் போயிருமே!" மச்சான் கிட்டப் போகச் சொன்னான். நூறு மீற்றருக்குக் கிட்டப் போகக் கூடாது, சட்டம் என்றேன். "நம்மட ஆள்தானே" என்றான். திமிங்கிலத்தைச் சொன்னானா என்னைச் சொன்னானா என்று தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் தட்டையாகக் கிடந்தது.

திரும்பும் வழியில் நாலைந்து ஓங்கல் துள்ளின. மச்சான் படம் பிடித்து, 'நீலத் திமிங்கிலம், குட்டிகளுடன்' என்று அங்கேயே போட்டுவிட்டான். எதிர்க்காற்றில் ஒன்பது பேரும் உப்பில் ஊறி வந்தார்கள். "இத எத்தின மணிக்கு மகன் விடுவாங்க?" என்று மாமி கேட்டார், திமிங்கிலத்தை யாரோ கூட்டில் அடைத்து வைத்திருப்பதுபோல. ஆறே முக்காலுக்கு என்றேன். "அப்ப ஏன் எங்கள இவ்வளவு சுணங்கிக் கூட்டிப் போனீங்க?"

எண்ணெய்க் காசு கேட்கவில்லை. மாமி ஆறு வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். அதில் நாலு கிண்ணியாப் பாலத்திலேயே முடிந்துவிட்டது.

பின்னேரம் ஐந்து மணிக்குப் போன். "வீட்ட வந்து சேந்திட்டம் மகன்." பின்னால் யாரோ 'தயிர், தயிர், மூதூர்த் தயிர்' என்று கூவிக்கொண்டிருந்தான்.

வரும் சனிக்கிழமை சாச்சி குடும்பமாம். போட் மூன்று மணிக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

திமிங்கிலத்தைப் பற்றி அந்த முக்கியமான விஷயம் இருக்கிறதே, அதற்குத்தான் வருகிறேன். இந்தா, வெளிக்கிட்டாச்சு.