தழும்பில்லாத மாற்றம்

அந்தமானின் போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. கத்தியும் இல்லை, தழும்பும் இல்லை. வயிற்றுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

தொப்பைத் தோலை வெட்டி, தளர்ந்த தசையை இழுத்துத் தைத்துக்கொள்ளச் சென்னைக்குப் பறந்து திரும்பும் தீவுக்காரர், மூன்றாம் வாரமே கண்ணாடி முன் நின்று “ஏமாத்திட்டாங்க” என்கிறார். வீக்கம் முழுதாக வடியவே மாதக்கணக்காகும். தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். குடலைச் சுற்றிய உட்கொழுப்போ இந்தக் கத்திக்கு அகப்படுவதே இல்லை. அது பரோட்டா சால்னாவின் தனிச் சொத்து.

மனம் ஆறாதவருக்குச் சட்டம் இருக்கிறது. கட்டண மருத்துவத்தை உச்ச நீதிமன்றம் 1995இல் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019 நுகர்வோர் சட்டப்படி, சென்னை மருத்துவமனை மீது சொந்தத் தீவிலிருந்தே இரண்டாண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும்; விளைவு பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது.