பேனல் அடுக்கி

போட்டோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்ததும் படத்தைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள பேனல்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கி, அந்த ஒழுங்குபடுத்தலிலேயே பொழுதைப் போக்குபவர் பேனல் அடுக்கி எனப்படுவார். தமிழ்நாட்டில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஸ்டூடியோக்களிலும், ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளிலும், கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் மாடி அறைகளிலும் இவரைப் பரவலாகக் காணலாம். இவரைச் சோம்பேறி என்பது அபாண்டம். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை மவுஸை விடாமல் இழுத்துக்கொண்டிருப்பவர் இவர்தான். எதை இழுக்கிறார் என்பதில்தான் முதலாளிக்கு வருத்தம்.

இவருடைய தொழிலின் மூலப்பொருள் எளிமையானது. போட்டோஷாப்பில் லேயர்ஸ், சேனல்ஸ், ஹிஸ்டரி, கலர் என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு பெட்டி உண்டு. பெட்டியின் தலைப்பைப் பிடித்து இழுத்தால் அது கழன்று மிதக்கும். இன்னொரு பெட்டியின் ஓரத்துக்குக் கொண்டுபோனால் நீலக்கோடு ஒன்று தோன்றும். அங்கே விட்டால் அதற்கு மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொள்ளும். கோடாக இல்லாமல் சட்டம்போலச் சுற்றிலும் நீலம் தெரிந்தால், அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே இழுத்தால் எதிலும் ஒட்டாது. இவ்வளவுதான் இலக்கணம். இதற்குள் பேனல் அடுக்கி ஒரு ஆயுளைச் செலவிடுகிறார்.

அவர் ஹிஸ்டரி பேனலை நகர்த்துவதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். நாக்கு நுனி வாய் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். மூச்சு நிற்கும். நீலம் தெரியும், விடுவார். ஹிஸ்டரி, லேயர்ஸுக்குக் கீழே போகாமல் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கும். பிடித்து வெளியே இழுப்பார். இந்த முறை தலைப்புக்குப் பக்கத்துக் காலி இடத்தில் பிடித்ததால் லேயர்ஸ், சேனல்ஸ், பாத்ஸ் என்று குடும்பமே கூட வரும். குடும்பத்தை ஓரமாக இறக்கிவைத்துவிட்டு ஹிஸ்டரியை மட்டும் மறுபடி பிடிப்பார். முகத்தில் எரிச்சல் இராது. உண்மையில் அவர் நாளிலேயே நிம்மதியான நேரம் அதுதான்.

எந்தப் பேனலைத் திறப்பது என்பதில் அவருக்குத் தேவை ஒரு பொருட்டல்ல. ஹிஸ்டோகிராம் எப்போதும் திறந்தே இருக்கும். அந்த மேடுபள்ளம் என்ன சொல்கிறது என்று அவர் கேட்டதில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் அதைப் பார்த்துக் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு டைம்லைன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கீழே இடம் காலியாக இருந்தது, வைத்தார். 1366க்கு 768 அளவுள்ள லேப்டாப் திரையில் இடப்பக்கம் டூல்ஸ், வலப்பக்கம் இரண்டு வரிசை, கீழே டைம்லைன் என்று எல்லாம் ஒட்டிய பிறகு, மணப்பெண் ஒரு தீப்பெட்டி அளவு சந்தில் சிரித்துக்கொண்டிருப்பார். அப்போது பேனல் அடுக்கி நேவிகேட்டரைத் திறப்பார். படத்தின் சிறு நகலைக் காட்டி, அதில் எந்தப் பகுதி திரையில் தெரிகிறது என்று சிவப்புக் கட்டம் போடுவது அந்தப் பேனலின் வேலை. அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கிக்கொள்வார். கடைசியில், படம் அதன் சொந்த ஜன்னலைவிட நேவிகேட்டரில் பெரிதாகத் தெரியும். இந்த நிலையை அடைந்தவரை முதிர்ந்த பேனல் அடுக்கி என்று கொள்ளலாம்.

வேலை அவசரமாக இருக்கும்போது இந்தப் பழக்கம் தணிவதில்லை, கூடுகிறது. துக்க வீட்டிலிருந்து ஒருவர் வந்து நிற்பார்.

“தம்பி, நாலு மணிக்கு எடுக்கிறாங்க. பேனர் என்னாச்சு?”

“அஞ்சே நிமிஷம்ணே. செட் பண்ணிட்டிருக்கேன்.”

செட் செய்யப்படுவது கேரக்டர் பேனல். எழுத்தின் அளவையும் இடைவெளியையும் மாற்றுவதற்கான அந்தப் பெட்டி வலப்பக்கம் இருந்தால் நல்லதா, இடப்பக்கமா என்பதில் அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மூன்றரைக்கு ஃப்ளெக்ஸ் அச்சுக்குப் போகும். மாலை நேர்த்தியாக விழுந்திருக்கும், பின்னணியில் மேகம் பிரமாதமாக இருக்கும், தோற்றம், மறைவு இரண்டுக்கும் கீழே ஒரே தேதி இருக்கும். பதினாறாம் நாள் காரியம்வரை யாரும் கவனிக்காமல் போவதும் உண்டு.

அடுக்கியதைக் காப்பாற்றுவது அடுத்த கவலை. விண்டோ மெனுவில் ஒர்க்ஸ்பேஸ் என்ற பகுதிக்குள் போனால், இப்போதைய அடுக்கைப் பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். எந்தக் கடையிலும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தாலே ஊழியர் வரலாறு தெரிந்துவிடும்: ‘நியூ’, ‘நியூ 1’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’, ‘யாரும் தொடாதே’. சேமித்த பிறகு ஒரு பேனலை நகர்த்தினால் மென்பொருள் அந்த நகர்த்தலையும் நினைவில் வைத்துக்கொள்ளும். ரீசெட் கொடுத்தால்தான் சேமித்தபடி திரும்பும். பேனல் அடுக்கிக்கு ரீசெட் தெரியும், ஆனால் கொடுக்க மாட்டார். கையால் அடுக்குவதில் உள்ள சுகம் அதில் கிடைக்காது.

கிம்ப் பயன்படுத்துவோர் இதில் தனிக் கிளை. பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் தொடங்கிய இந்த இலவச மென்பொருளில் நெடுங்காலம் டூல்பாக்ஸ் ஒரு ஜன்னல், படம் ஒரு ஜன்னல், லேயர்கள் ஒரு ஜன்னல் என்று எல்லாம் தனித்தனியாக மிதந்தன. இடுக்கில் தவறிக் கிளிக் செய்தால் பின்னாலிருக்கும் வேறு மென்பொருளின் ஜன்னல் முன்னால் வரும். 2012இல் வந்த 2.8 பதிப்பு எல்லாவற்றையும் ஒரே ஜன்னலுக்குள் வைக்கும் வசதியைத் தந்தது, 2018இன் 2.10இல் அதுவே இயல்பு நிலை ஆனது. ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டபோது இந்தக் கிளையினர் முதல் வேலையாக அந்த வசதியை அணைத்தார்கள். கிம்ப் தன் ஜன்னல்களின் இடங்களை செஷன்ஆர்சி என்ற சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருப்பவர்கள் உண்டு. அதே ஆட்களிடம் போன மாதம் செய்த ஆல்பத்தின் நகலைக் கேட்டால் இராது.

இரண்டாவது மானிட்டர் கிடைப்பது இவர் வாழ்வில் பெரிய நிகழ்ச்சி. பேனல்கள் எல்லாம் அங்கே குடியேறும், படத்துக்கு ஒரு முழுத் திரை கிடைக்கும் என்று முதலாளி நம்பித்தான் வாங்கித் தருகிறார். குடியேற்றம் நடக்கும். பிறகு, முதல் திரையும் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறதே என்று தோன்றும்.

இயற்கை எதிரி என்று பார்த்தால் டேப் விசை. போட்டோஷாப்பிலும் கிம்பிலும் அதை ஒருமுறை அழுத்தினால் பேனல்கள் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். வாடிக்கையாளரின் குழந்தை மடியிலிருந்து எட்டி அதைத் தட்டிவிடும். இரண்டு நாள் உழைப்பு கண்ணெதிரே காணாமல் போகும். புதிதாக இத்துறைக்கு வந்த பேனல் அடுக்கி முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார், பிறகு வைரஸ் என்பார், மாலைக்குள் மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றியிருப்பார். குழந்தை மறுநாளும் வரும்.

பல வருஷம் கழித்துச் சிலர் தெளிகிறார்கள். அவர்கள் திரையில் ஒரு பேனல்கூட இராது. டேப்பைத் தாங்களே தட்டி எல்லாவற்றையும் மறைத்துவிடுவார்கள். பிரஷுக்கு பி, நகர்த்த வி, லேயர் தேவைப்பட்டால் எஃப்7. படம் திரை முழுக்க விரிந்து நிற்கும். எடிட் மெனுவின் கீழே கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்றொரு பட்டியல் இருப்பதும், அதில் எந்த விசையை எந்த வேலைக்கு வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம் என்பதும் தெரியவரும்வரை இவர்களிடம் வேலை வேகமாக நடக்கும்.